முதல் துண்டு யாருக்கு

மிகவும் பாதுகாப்பாக, ஓரளவு பாதுகாப்பாக, பாதுகாப்பாக இல்லை. இந்தக் குழுவில் எப்படி உணர்கிறேன் என்பதற்கு உங்கள் கல்லூரிப் படிவத்தில் மூன்று கட்டம் போட்டிருக்கிறீர்கள். தொல்லை தாங்க முடியவில்லை என்று நாலாவதாக ஒரு கட்டம் போட இடம் இருக்கிறதா மேடம்? இருந்தால் அதில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

உட்காருங்கள். பார்த்து உட்காருங்கள், இது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. ஃபாதர் பெரிய மனது பண்ணி, பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில், செவ்வாயும் சனியும் இந்த ஒரு வகுப்பை எங்களுக்கு விட்டிருக்கிறார். ஐம்பது அறுபது வயது ஆட்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். அதற்கு மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வணக்கம் வைப்பார்கள். சுவரைப் பாருங்கள். அணில், ஆடு, இலை. பொண்டாட்டியின் தாலியை விற்றுக் குடித்த கதையை ஒருவன் சொல்லிக்கொண்டிருப்பான், அவன் தலைக்கு மேலே அணில் கொட்டை தின்றுகொண்டிருக்கும். இதற்குள் நான் பாதுகாப்பை எங்கே போய்த் தேடுவது?

கூட்டம் ஐந்தரைக்குத்தான். நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள். நான் சீக்கிரம் வந்தது சாவி என்னிடம் இருப்பதால். அதுவும் ஒரு தந்திரம், எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவன் ஓடிப்போகிற மாதிரித் தெரிந்தால் அவன் கையில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். சாவி உன்னிடம் இருந்தால் நீ வந்துதானே ஆகவேண்டும். நான் சேர்ந்து ஒரு வருஷமும் மூன்று வாரமும் ஆகிறது. அன்றிலிருந்து நான்தான் திறக்கிறேன், பெருக்குகிறேன், டீ கேனுக்கு அடியில் பேப்பர் விரிக்கிறேன். சம்பளம் இல்லாத வாட்ச்மேன்.

சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை வேறு. மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை கம்ப்ரஸர் பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷம். படித்தது எட்டாவது. ஆனால் அந்த அம்மோனியா நாற்றத்தில் உட்கார்ந்து நான் படித்து முடித்த லைப்ரரி புத்தகங்களை உங்கள் கல்லூரியில் பாதிப்பேர் தொட்டிருக்க மாட்டார்கள். கோபப்படாதீர்கள், சொல்கிறேன். அதனால்தான் இவர்கள் பேசுகிற பேச்செல்லாம் எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். நம்மைவிடப் பெரிய சக்தி ஒன்று இருக்கிறது என்று நம்பச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் கம்ப்ரஸரைவிடப் பெரிய சக்தி கிடையாது. அது நின்றால் ஐஸ் இல்லை, ஐஸ் இல்லாமல் ஒரு படகும் கடலுக்குப் போகாது. இதைச் சொன்னேன். சரி, அப்படின்னா கம்ப்ரஸரையே கும்பிடு என்றார் மிக்கேல் அண்ணாச்சி. சிரிக்காமல் சொன்னார். இவர்களிடம் என்னத்தைப் பேசுவது?

மிக்கேல் அண்ணாச்சிதான் எனக்கு ஸ்பான்சர். ஸ்பான்சர் என்றால் காசு கொடுக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருத்தனையும் கண்காணிக்க ஒரு பழைய ஆளைப் போடுவார்கள், அதற்குப் பேர் அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையரானவர். குடியை விட்டு ஒன்பது வருஷம். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனது. தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு போன் போடுவார். ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் மத்தியானம் தூங்குவான் என்று ஒரு மனிதருக்குத் தெரியாதா? எடுத்தால், சாப்டியாப்பா என்பார். சாப்பிட்டேன் என்பேன். சரிப்பா, தூங்கு என்று வைத்துவிடுவார். தூங்குகிறவனை எழுப்பித் தூங்கச் சொல்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? குடித்தாயா என்று ஒருநாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். சாப்பிட்டாயா என்று கேட்பவனை என்ன சொல்லித் திட்டுவது?

நீங்கள் என்ன நடந்தது என்று கேட்டீர்களே, அந்தக் கேக் விஷயம். யார் சொன்னது உங்களுக்கு? கோமதிநாயகம் சாரா? அவர்தான் சொல்லியிருப்பார், பேங்க் மேனேஜராக இருந்தவர், எல்லாருக்கும் எல்லாம் தெரியவேண்டும் அவருக்கு. அவர் சொன்னதை விடுங்கள். நடந்ததை நான் சொல்கிறேன், சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. குடிக்காமல் ஒரு வருஷம் ஓட்டினவனுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். முதல் பிறந்தநாள். நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு ஒன்று என்று நம்பர் போட்ட மெழுகுவர்த்தி. அவன் கேக் வெட்டி, தன் குடியால் அதிகமாக அடிபட்டது யாரோ அவர்களுக்கு முதல் துண்டைக் கொடுக்க வேண்டும். பொண்டாட்டி இருப்பாள், அம்மா இருப்பாள், சில பேருக்குப் பேசாத மகன் இருப்பான். அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தத் துண்டை வாங்கும்போது எல்லாரும் அழுவார்கள். ஒரு வருஷம் அடித்ததற்கு, இல்லை, இருபது வருஷம் அடித்ததற்கு ஒரு துண்டு கேக். பொம்பளைகளும் அதை வாங்கிக்கொண்டு அழுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை.

கேக்கைக் குழுதான் வாங்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முட்டை போடாத வெனிலா கேக், சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கும். போன மாதம், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முந்தின சனிக்கிழமை எனக்கு ஒரு வருஷம். டிசம்பர் மாதம் மேடம். இந்த ஊரில் டிசம்பர் மாதம் எந்தத் தெருவில் போனாலும் பிளம் கேக் வாசனை. அந்த மாதத்தில் போய் எவனாவது சவுக்காரக் கட்டியை வெட்டுவானா? நான் சொல்லிவிட்டேன், என் கேக்கை நானே கொண்டுவருகிறேன் என்று. மிக்கேல் அண்ணாச்சி, உனக்கு எதுக்குப்பா சிரமம் என்றார். எனக்கு ஒரு சிரமமும் இல்லை என்றேன்.

ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பேக்கரி. வழியில் என்றால் கொஞ்சம் சுற்று வழி. காலை ஆறரைக்கே திறந்துவிடுவார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் மூன்று நான்கு தடவை போய்ப் பார்த்தேன். நல்ல பொருள் வாங்க வேண்டுமென்றால் விசாரிக்க வேண்டாமா? கடைக்காரர் பொறுமையான மனிதர். திராட்சை, முந்திரி, செர்ரி எல்லாம் செப்டம்பரிலேயே ஊறப்போட்டது என்றார். எதிலே என்று கேட்டேன். ரம்மில் என்றார். வாடிக்கைக்காரர்களுக்கு என்று தனியாக வைத்திருப்பதில், சுட்ட பிறகும் வாரம் ஒரு கரண்டி மேலே ஊற்றுவாராம். அதையே எடுங்கள், கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்றேன். ருசிக்காகச் சொன்னேன். சமையலைப் பற்றி நான் படித்திருக்கிறேன். சூட்டில் அந்தச் சாராயமெல்லாம் பறந்துவிடும், வாசனை மட்டும்தான் நிற்கும். சுட்ட பிறகு ஊற்றுவது பறக்குமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

சனிக்கிழமை என் வீட்டுக்காரியும் வந்தாள். சந்தனமாரி. ஒரு வருஷத்தில் அவள் ஒருநாள்கூட இங்கே எட்டிப் பார்த்ததில்லை. வா வா என்று நான் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன். நீங்க போய்ட்டு வந்தாலே போதும் என்பாள். அன்றைக்கு நான் கூப்பிடாமலே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கேக் பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று அவளே வாங்கிக்கொண்டாள். புருஷன் பெருமை பார்க்க ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்து, மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்குகிறதே, அதற்காக.

பதினான்கு பேர் இருந்தோம். அதோ அந்த டீச்சர் மேஜையில் பெட்டியை வைத்தோம். மூடியைத் திறந்தேன். மிக்கேல் அண்ணாச்சி மெழுகுவர்த்தியைச் சொருகக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். முழங்கால்தான் பிடித்துக்கொண்டது என்று ஒருவர் தாங்கப் போனார். தாங்கப் போனவரும் அப்படியே நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மேடம். உங்கள் பேப்பரில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஒவ்வொருவராக வந்தார்கள். நாடி பார்க்கிற வைத்தியர்கள் மாதிரி ஒவ்வொருவராகக் குனிந்து மோந்தார்கள். கோமதிநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார், கண்ணை மூடி மோந்தார். பதினோரு வருஷம் ஒரு சொட்டுத் தொடாதவர்.

"ரம். டார்க் ரம். மழைக்கு முன்ன ஊற வச்சிருக்கான்" என்றார்.

ஒருவர் அது ரம் இல்லை, பிராந்தி என்றார். ரம்மா இருந்தால் எனக்குத் தெரியாதா சார் என்று கோபித்துக்கொண்டார். சூட்டில் ஆவியாகப் போயிருக்கும், பயப்படாதீர்கள் என்றார் இன்னொருவர். ஆவியாப் போனது எப்படிய்யா என் மூக்குல ஏறுது என்றார் பக்கத்தில் நின்றவர். கல்லூரியில் புரொபசர்கள் கூட இப்படி விவாதம் பண்ண மாட்டார்கள். ஒரு கேக். பதினான்கு தடிமாடுகள். இவர்கள்தான் எனக்குப் பாதுகாப்பாம்.

அதில் ஒரு ஆள் மட்டும் கிட்டே வரவில்லை. ஜெபஸ்டின். ஆட்டோ ஓட்டுகிறான், முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணமாகி இரண்டு பெண்குழந்தை. அவன் குடியை விட்டு அன்றைக்குப் பத்தொன்பது நாள். சுவரோரமாக, அந்த இலைப் படத்துக்குக் கீழே நின்றான். எனக்கு வாய் ஊறுது அண்ணாச்சி, நான் கொஞ்சம் வெளிய நிக்கேன் என்றான். போ, காத்தாட நில்லு என்றார்கள். போனான். வாயைத் துடைத்துக்கொண்டே போனான்.

மிக்கேல் அண்ணாச்சி பெட்டியை மூடினார். சார், முக்குக் கடையில் ஒரு தேங்காய் பன் வாங்கிட்டு வாங்க, அதில மெழுகுவர்த்தி சொருகலாம் என்று கோமதிநாயகம் சாரை அனுப்பினார். ஒரு வருஷம் குடிக்காமல் இருந்தவனுக்குத் தேங்காய் பன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பன் வருவதற்குள் அண்ணாச்சி என்னிடம் கேட்டார். தெரிஞ்சு வாங்குனியா, தெரியாம வாங்குனியா. தெரியாமல் என்றேன். கடைக்காரன் எதை ஊற்றுகிறான் என்று நானா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரி என்றார். ஒரு பக்கம் ஓரம் வெட்டியிருக்கே என்றார். பதம் பார்க்க ஒரு விள்ளல் எடுத்தேன், இவ்வளவு பேருக்குக் கொடுக்கிறோம், கெட்டுப்போயிருந்தால்? எப்ப எடுத்த என்றார். இன்றைக்கு மத்தியானம் என்றேன். ஒரு விள்ளலா என்றார். கையகலம் என்றேன். போலீஸ் விசாரணை மாதிரி இல்லை மேடம், அப்படிக் கேட்டிருந்தால் தேவலை. மத்தியானம் இரண்டு மணிக்கு சாப்டியாப்பா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

அப்போதுதான் சந்தனமாரி பேசினாள். அவளுக்கு இடது காது கேட்காது, அதனால் சத்தமாகத்தான் பேசுவாள். காது எப்படிப் போனது என்பது இப்போது எதற்கு? அது பழைய கதை.

"அண்ணாச்சி, இது ரெண்டாவது கேக்கு. மொத கேக்கு புதன்கிழமை வாங்குனாவ. வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள தீந்துட்டு. பிள்ளையளுக்கு ஒரு துண்டு குடுக்கல."

பாருங்கள். கட்டின புருஷனை, பதினான்கு பேருக்கு நடுவில். வீட்டு விஷயத்தை வீட்டில் பேசக் கூடாதா? அதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேக் தின்பது ஒரு குற்றமா? இதைப் பெரிய விஷயமாக ஆக்கினார்கள் பாருங்கள். இல்லை, ஆக்கவில்லை. அதுதான் என் ஆத்திரமே. நீ ஏமாற்றினாய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள், இந்தச் சின்ன பெஞ்சுகளில். கோமதிநாயகம் சார் பன்னோடு வந்தார், முகங்களைப் பார்த்தார், பன்னை மேஜையில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

நான் நேரடியாகக் கேட்டேன். சபையில் வைத்துக் கேட்டேன். என் ஒரு வருஷம் இருக்கிறதா, போய்விட்டதா? கேக் குடியில் சேருமா, சேராதா? தீர்ப்பைச் சொல்லுங்கள் என்றேன்.

மிக்கேல் அண்ணாச்சி சொன்னார்: "அது உன் நாளுப்பா. நாங்க எப்படிச் சொல்ல முடியும்? நீ எத்தனைன்னு சொல்லுதியோ அதான்."

பார்த்தீர்களா, நழுவுவதை? ஒன்பது வருஷம், பதினோரு வருஷம் என்று பெருமை பேசுகிற பெரிய மனிதர்கள், ஒரு தீர்ப்புச் சொல்லத் துணிச்சல் இல்லை. ஒரு வருஷம் என்றால் கைதட்டுவார்களாம். இல்லை என்றாலும் கைதட்டுவார்களாம். பஞ்சாயத்து என்றால் ஆளைத் தள்ளிவைக்க வேண்டும், இல்லை அபராதம் போட வேண்டும். தள்ளிவைத்திருந்தால் நான் இந்தச் சாவியை அந்த மேஜையில் வீசிவிட்டு நேராகக் கடைக்குப் போயிருப்பேன். அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குடித்திருப்பேன். அதற்குக்கூட வழி விடவில்லை.

வீம்பு வந்துவிட்டது எனக்கு. ஒரு வருஷம்தான் என்றேன். கத்தியை எடுத்தேன். பன்னை வெட்டினேன். மெழுகுவர்த்தியைக்கூட ஏற்றவில்லை. முதல் துண்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினேன். வாங்கிக்கொண்டு அழுவாள், எல்லாம் முடிந்துபோகும் என்று நினைத்தேன். பன்தானே, அதில் ரம் இல்லையே.

அவள் கையை நீட்டவில்லை. முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம். வெளிய போன அந்த ஆட்டோக்காரருக்குக் குடுங்க" என்றாள். "அவரு வாசல்ல இல்ல."

எல்லாரும் ஒரேயடியாக எழுந்தார்கள். வாசலில் ஆட்டோ இல்லை. நாங்கள் உள்ளே தீர்ப்புப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் போய்விட்டான். அந்தச் சத்தம்கூட எங்கள் காதில் விழவில்லை. காது கேட்காதவளுக்குத்தான் அவன் ஞாபகம் வந்தது. நாலு பேர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்கள். கோமதிநாயகம் சார் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு கடைகள் இருக்கிற பக்கம் போனார். மிக்கேல் அண்ணாச்சி அந்த முழங்காலோடு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தார். நான் பன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் பை முழுக்க எறும்பு.

கேக்கை அண்ணாச்சி பெட்டியோடு கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டாராம். அன்றைக்கு அந்தப் பக்கத்து மீனெல்லாம் தள்ளாடியிருக்கும்.

ஜெபஸ்டின் சனியும் குடித்தான், ஞாயிறும் குடித்தான், திங்களும் குடித்தான். அதற்கும் நான்தான் பொறுப்பா மேடம்? ஊரில் கடை இருக்கிறது, கேக் கடையும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயா ஒருவனை வைத்து வளர்ப்பது? பலகீனமான ஆள், என்றைக்கிருந்தாலும் போயிருப்பான். இப்படித்தான் நான் சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை, கம்ப்ரஸரிடம் சொன்னேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். நான் வரமாட்டான் என்று பந்தயமே கட்டியிருப்பேன். கண்ணெல்லாம் சிவந்து, முகம் வீங்கி, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முறை வந்தது. என் பேரு ஜெபஸ்டின், நான் ஒரு குடிநோயாளி, இன்னைக்கு ஒரு நாள் என்றான். அவ்வளவுதான். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு நாளுக்குக் கைதட்டு. குடித்துவிட்டு வந்தவனுக்குக் கைதட்டு. என் கையும் தட்டியது, பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது நாம் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே. கூட்டம் முடிந்து டீ ஊற்றினேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, அண்ணாச்சி, எதுவும் மனசுல வச்சுக்காதிய என்றான் என்னிடம். எனக்குச் சொல்கிறான். நான் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். டீ என் கையிலேயே சிந்திவிட்டது. கேன் அடிக்கடி ஒழுகும், மாற்ற வேண்டும்.

என் முறை வந்தபோது என்ன சொன்னேன் என்றா கேட்கிறீர்கள்? இங்கே அதற்கும் ஒரு சௌகரியம் வைத்திருக்கிறார்கள். பேச விருப்பமில்லை என்றால், இன்னைக்கு நான் கேக்க மட்டும் வந்திருக்கேன் என்று சொல்லிவிடலாம். ஒருத்தரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தச் செவ்வாய் சொன்னேன். அடுத்த சனியும் சொன்னேன். இதுவரை ஐந்து கூட்டம், ஐந்து தடவையும் கேட்க மட்டும் வந்திருக்கிறேன். அப்படி என்ன கேட்டேன் என்கிறீர்கள்? ஜெபஸ்டின் ஐந்து என்றான், எட்டு என்றான், பன்னிரண்டு என்றான், பதினைந்து என்றான். ஏலம் போகிற மாதிரி ஏறிக்கொண்டே இருக்கிறது.

மிக்கேல் அண்ணாச்சி இப்போது புதிதாக ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறார். சாயங்காலம் ஏழரைக்கு என் வீட்டு முக்கில் நிற்கிறார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்ப்பா என்கிறார். ஃபேக்டரி கேட்டு வரைக்கும் என் கூடவே நடக்கிறார். முழங்கால் தேய்ந்தவனை எந்த டாக்டர் நடக்கச் சொன்னான்? வழியில் ஒயின்ஷாப் ஒன்று இருக்கிறது. அது வந்ததும் அந்தப் பக்கமாக அவர் நடக்க ஆரம்பிப்பார், கடைக்கும் எனக்கும் நடுவில். கிரேன் ஓட்டின ஆள் இல்லையா, எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர். காலையில் ஆறு மணிக்கு வெளியே வந்து வீட்டுக்கு நடந்தால் கோமதிநாயகம் சார் ஸ்கூட்டரோடு நிற்கிறார், பேக்கரிக்கு எதிர்ப்பக்கம். மீன் வாங்க வந்தேன் என்கிறார். சைவப்பிள்ளை மேடம் அவர். இருபது நாளாக மீன் வாங்க வருகிறார், கையில் ஒரு பை கிடையாது.

இதையெல்லாம் என்னவென்று எழுதுவீர்கள்? ஆதரவு என்றா? நான் வீட்டுச்சிறை என்று சொல்வேன். ஒரு கேக்குக்காக.

சந்தனமாரியா? அவள் பேசுகிறாள், பேசாமல் என்ன. சோறு போடுகிறாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். எத்தனைன்னு சொல்லிட்டியளா என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்றாள். அவள் கணக்குப்படி போனால் ஒரு வருஷமாவது ஒன்றாவது. கேக்கில் கடைசியாக நான் கைவைத்த அந்தச் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் இன்றைக்கு எனக்கு இருபத்தொரு நாள். இருபத்தொன்று. முந்நூற்றெண்பது சொச்சம் எங்கே, இருபத்தொன்று எங்கே? ஐஸ் பாரைத் தண்ணீரில் போட்ட மாதிரி.

சொல்ல எனக்கென்ன பயமா? பயமெல்லாம் இல்லை. அந்தக் கைதட்டுத்தான் தாங்காது. இருபத்தொன்று என்பேன், உடனே தட்டுவார்கள். மிக்கேல் அண்ணாச்சி எழுந்து நின்று தட்டுவார், உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வார். அதைப் பார்க்க வேண்டியிருக்கும். மனிதனை மனிதன் இப்படியெல்லாம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அவன் எப்படித்தான் மேடம் ஒழுங்காகக் கெட்டுப்போவது?

எழுதுவதை நிறுத்துங்கள் கொஞ்சம். சத்தம் கேட்கிறதா? ஆட்டோ. ஜெபஸ்டின்தான், சைலன்சர் ஓட்டை. சீக்கிரமே வந்துவிட்டான். இன்றைக்கு அவனுக்கு என்ன நாள் தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியும், எனக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பத்தொன்பது. மறுபடியும் அதே பத்தொன்பது. போன தடவை இந்த நம்பரில்தான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். காலையிலிருந்து அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியிருக்கும், எந்தத் தெருவில் திருப்பினாலும் வண்டி கடைப்பக்கமே இழுத்திருக்கும். அது எப்படி இருக்கும் என்று இந்த ஒன்பது வருஷக்காரருக்கும் பதினோரு வருஷக்காரருக்கும் மறந்துபோயிருக்கும். மறக்காத ஆள் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

உங்கள் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் டிக் அடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்சம் எழுந்து அந்தப் பின் பெஞ்சுக்குப் போய்விடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த பெஞ்சில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், இன்றைக்கு இருபத்தொன்று பத்தொன்பதுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.